லிங்கன் விலக்கி வைத்த நகரம்: நியூ ஆர்லியன்ஸில் சிப்பாய்களும் அடிமைகளும்

வினாடி வினா நிகழ்ச்சிகளில் தவறாமல் வரும் கேள்வி இது. அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்தவர் யார்? ஆபிரகாம் லிங்கன். எந்த ஆண்டு? 1863. மதிப்பெண் கிடைத்துவிடும். பதில் சொல்பவர் மனத்தில் ஓடுவதோ பெரும்பாலும் ஒரு மேடை நாடகக் காட்சி: லிங்கன் பேனாவை எடுக்கிறார், நாடு முழுக்க ஒரே நாளில் விலங்குகள் கழன்று விழுகின்றன.

அந்த விடுதலைப் பிரகடனத்தை எடுத்து வாசித்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். 1863 ஜனவரி 1 அன்று கையெழுத்தான அந்த ஆவணம் லூசியானா மாநிலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அதில் 13 பாரிஷ்களுக்கு விலக்கு தருகிறது. பாரிஷ் என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. விலக்குப் பட்டியலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. அப்போது அந்த நகரம் லிங்கனின் படை வசம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆக, அவருடைய சிப்பாய்கள் ரோந்து சுற்றிய தெருக்களில் அடிமைமுறை சட்டப்படி தொடர்ந்தது. அவர்கள் இன்னும் கால் வைக்காத ஊர்களில் அது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இது எப்படி? இதைப் புரிந்துகொள்ள வாஷிங்டனைவிட நியூ ஆர்லியன்ஸின் காவல் கோட்டில் நின்ற சிப்பாயைக் கவனிப்பது நல்லது. விடுதலை அங்கே எப்படி நடந்தது, எங்கே சிக்கிக்கொண்டது என்பதெல்லாம் அவன் கண்ணெதிரே நடந்தவை.

போர் எதற்காகத் தொடங்கியது?

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. நாட்டை விட்டுப் பிரிகிறோம் என்று அறிவித்த தென் மாநிலங்கள் ஒரு பக்கம், பிரிய விடமாட்டோம் என்ற மத்திய அரசு மறுபக்கம். எளிமைக்காகத் தெற்கு, வடக்கு என்றே சொல்வோம். தெற்கு பிரிந்ததற்கு அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்வதே காரணம். ஆனால் வடக்கு போரில் இறங்கியது அடிமைகளை விடுவிக்க அல்ல, நாடு உடையாமல் காக்க. வடக்கிலிருந்து சென்ற சிப்பாய்களில் பலர் அடிமை ஒருவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. அடிமைமுறையைத் தொடுவதே தங்கள் வேலை இல்லை என்றுதான் அவர்களில் பலர் நினைத்தார்கள்.

நாட்டில் அப்போது ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் சொத்து. விற்கலாம், அடகு வைக்கலாம், உயில் எழுதலாம், வாடகைக்கு விடலாம். தாய் அடிமையென்றால் பிறக்கும் குழந்தையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி.

போதாததற்கு 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வேறு இருந்தது. தப்பி வடக்குக்கு வந்தவரையும் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. போர் தொடங்கியபோது அது உயிரோடுதான் இருந்தது.

பிரிந்துபோன அண்ணன் கேட்ட தண்ணீர்

1861 மே மாதம் வர்ஜீனியாவில் இருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று பேர் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடு கட்டும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். அங்கிருந்து தப்பி, எதிரிப் படை கையில் இருந்த கோட்டைக்கு வந்தார்கள். மறுநாள் உரிமையாளர் தரப்பில் ஓர் அதிகாரி வெள்ளைக் கொடியோடு வந்து, சட்டப்படி அவர்களைத் திருப்பித் தாருங்கள் என்றார்.

கோட்டையின் பொறுப்பில் இருந்தவர் பெஞ்சமின் பட்லர். மாசசூசெட்ஸ்காரர், தொழில் முறையில் வழக்கறிஞர். அடிமை ஒழிப்புப் போராளி என்றெல்லாம் அவருக்குப் பெயர் கிடையாது. ஆனால் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

அண்ணன் ஒருவர் பாகம் பிரித்துக்கொண்டு, "இனி இந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாள் காலையில் வந்து, "குடும்பக் கிணற்றில் என் முறைத் தண்ணீரை விடு" என்று கேட்கிறார். தம்பி என்ன சொல்வான்? "குடும்பமே வேண்டாம் என்றீர்களே, அப்புறம் குடும்ப முறை மட்டும் எதற்கு? மறுபடி சேர்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள், தருகிறேன்."

பட்லர் சொன்ன பதிலும் இதேதான். வர்ஜீனியா தன்னைத் தனி நாடு என்கிறது, வேற்று நாட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பு எதற்கு? உரிமையாளர் நேரில் வந்து அமெரிக்காவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தால் மூவரையும் தருகிறேன். அதுவரை இவர்கள் "கான்ட்ராபேண்ட்", அதாவது எதிரியின் போர் முயற்சிக்கு உதவுவதால் பறிமுதல் செய்யத்தக்க பொருள்.

இந்த வாதத்தில் கசப்பும் இருக்கிறது. மூவரையும் மனிதர்கள் என்று சொல்லிக் காப்பாற்றவில்லை பட்லர். எதிரியின் சொத்து என்று ஒப்புக்கொண்டு, அந்தச் சொத்தைப் பறிமுதல் செய்தார். ஆனாலும் செய்தி பரவியது. சில நாட்களில் பத்துக்கணக்கில், பிறகு நூற்றுக்கணக்கில், குடும்பம் குடும்பமாக மக்கள் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றமான காங்கிரஸ் முதல் பறிமுதல் சட்டத்தை நிறைவேற்றியது. தெற்கின் ராணுவ வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகள்மீது உரிமையாளருக்கு இனி உரிமை இல்லை என்றது அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதலில் ஓடி வந்தது அடிமைகள். அடுத்து ஒரு ராணுவ அதிகாரி காரணம் கண்டுபிடித்தார். சட்டம் மூன்றாவதாகத்தான் வந்தது. உறுதிமொழி எடுத்தால் ஆளைத் திருப்பித் தருவேன் என்று பட்லர் வைத்த அந்த நிபந்தனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அது அவர் காலையே சுற்றப்போகிறது.

சிப்பாய் இறங்கிய ஊர்

1862 ஏப்ரல் கடைசியில் வடக்கின் கடற்படை அதிகாரி ஃபாரகட்டின் கப்பற்படை மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைக் காத்த இரண்டு கோட்டைகளையும் கடந்து நியூ ஆர்லியன்ஸை அடைந்தது. மே 1 அன்று தரைப்படை இறங்கியது. தளபதி யார் தெரியுமா? அதே பட்லர்.

தெற்கின் மிகப் பெரிய நகரம் அது. மக்கள்தொகை ஏறக்குறைய 1,68,000. நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தையும் அங்கேதான். செயின்ட் லூயிஸ் ஹோட்டலின் வட்ட மண்டபத்தில் நிலம், சரக்கு இவற்றோடு மனிதர்களையும் ஏலம் விட்டார்கள். வாங்குபவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்வரை அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடிகள் நகரின் நடுத்தெருக்களிலேயே இருந்தன.

கனெக்டிகட், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் பக்கத்திலிருந்து வந்த விவசாயப் பையன்கள் எதிர்பார்த்தது பருத்திக் காட்டில் வரிசையாகக் குனிந்து வேலை செய்யும் ஆட்களை. நகரத்து அடிமைமுறை வேறு மாதிரி இருந்தது. நகரில் சுமார் 13,000 அடிமைகள். சமையல், துவைப்பு, குழந்தை வளர்ப்பு, துறைமுகச் சுமை, வண்டி ஓட்டுதல், தச்சு, கொத்து என்று எல்லா வேலையிலும் இருந்தார்கள். சிலரை உரிமையாளர்கள் வெளியே வேலை தேடிக்கொள்ள விட்டுவிடுவார்கள். அவர் தானே வேலை பிடித்து, தானே கூலி வாங்கி, வாரா வாரம் ஒரு தொகையை எஜமானிடம் கட்ட வேண்டும். தெருவில் அவரைப் பார்த்தால் சுதந்திரமான தொழிலாளி என்றுதான் தோன்றும்.

இன்னொரு குழப்பம், அங்கே 10,000-க்கும் மேற்பட்ட சுதந்திரக் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் வாழ்ந்தார்கள். பிரெஞ்சு பேசினார்கள். சுருட்டுத் தொழிலாளர்கள், கொத்தனார்கள், தையற்காரர்கள், வீடு வாசல் உள்ளவர்கள் என்று பல தரத்தில் இருந்தார்கள். அவர்களில் சிலரிடம் அடிமைகளும் இருந்தார்கள். ஆக, எதிரே வருபவர் அடிமையா இல்லையா என்று தோலைப் பார்த்துச் சொல்ல வடக்கிலிருந்து வந்தவனுக்கு வழியே இல்லை. வெள்ளையர்போலவே தோற்றமளித்த குழந்தைகள்கூட அடிமைகளாக இருந்தார்கள். தாய் வழிச் சட்டத்தின் விளைவு அது. 1863-இல் ராணுவ அதிகாரி கர்னல் ஜார்ஜ் ஹாங்க்ஸ், விடுவிக்கப்பட்ட எட்டுப் பேரை வடக்குக்கு அனுப்பினார். கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளிகளுக்கு நிதி திரட்டுவதற்காக அவர்களைப் புகைப்படம் எடுத்து, அட்டைகளாக விற்றார்கள். அந்தப் படங்களில் நிற்கும் வில்சன் சின் என்ற பெரியவரின் நெற்றியில் அவருடைய முன்னாள் எஜமானின் பெயரின் முதலெழுத்துகள் காய்ச்சிய இரும்பால் சுட்டுப் பதித்திருந்தன. அரசியல் பேச்சில் மசியாத பல வடக்கத்தியர்களை இப்படிப்பட்ட படங்கள் உலுக்கின.

காவல் கோட்டில் ஒருவர் வந்து நின்றால்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். நகருக்கு மேற்கே, ஆற்றங்கரையில் கேம்ப் பாரபெட் என்ற முகாம். அதைச் சுற்றி கரும்புத் தோட்டங்கள். முகாம் எல்லையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். விடியற்காலையில் ஒரு பெண் மூட்டையோடும் குழந்தையோடும் வந்து நிற்கிறார். அவன் என்ன செய்ய வேண்டும்?

1862 மார்ச்சில் வந்த ராணுவ விதிப்படி, படையைச் சேர்ந்த எவரும் தப்பி வந்த அடிமையை உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது. மீறினால் அதிகாரிக்கே வேலை போகும். சரி, திருப்பித் தரக் கூடாது. அப்படியானால் அவர் சுதந்திரமானவரா? அதை அந்த விதி சொல்லவில்லை. உள்ளே விட வேண்டுமா? அதையும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 17 அன்று இரண்டாவது பறிமுதல் சட்டம் வந்தது. கலகத்தில் ஈடுபட்ட அல்லது அதற்கு உதவிய உரிமையாளரின் அடிமை, வடக்குப் படையின் எல்லைக்குள் வந்தால் நிரந்தரமாகச் சுதந்திரமானவர் என்றது. முந்தைய சட்டத்தைவிட இது பெரிய தாவல். ஆனால் இதிலும் அந்தப் பெண்ணின் விடுதலை அவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்ததாக இல்லை. அவருடைய எஜமான் யார் பக்கம் என்பதைப் பொறுத்தது.

பட்லரின் பழைய நிபந்தனை இங்கேதான் திரும்பி வந்தது. நியூ ஆர்லியன்ஸ்வாசிகள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று விசுவாச உறுதிமொழி எடுத்தார்கள். அண்ணன் மறுபடி குடும்பத்தில் சேர்ந்துவிட்டார். அப்படிச் சேர்ந்தவரின் "சொத்தை" எந்த முகத்தோடு பறிமுதல் செய்வது? பிரான்ஸ், பிரிட்டன் குடிமக்களாக இருந்த உரிமையாளர்கள் வேறு, நாங்கள் இந்தச் சண்டையிலேயே இல்லை என்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, எஜமான் விசுவாசியா கலகக்காரரா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சிப்பாய்க்கோ அவன் அதிகாரிக்கோ கிடையாது என்று அதே இரண்டாவது சட்டம் சொன்னது. வாசலில் நிற்பவனுக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. ஆனால் விடுவதா வேண்டாமா என்று அந்த நொடியில் முடிவெடுத்தாக வேண்டியவனும் அவன்தான்.

கேம்ப் பாரபெட்டின் தளபதி ஜான் ஃபெல்ப்ஸ் வெர்மான்ட்காரர், அடிமைமுறையை அடியோடு வெறுத்தவர். வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டார். அவர் முகாமைப் பற்றிய செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஒரு தோட்ட முதலாளி, கோபத்திலோ குத்தலாகவோ, தன் ஆட்களைப் படகில் ஏற்றிக் கரையில் இறக்கிவிட்டு, இப்போது இங்கே யாங்கிகள்தான் ராஜா, சோறும் அவர்களிடமே கேளுங்கள் என்று சொல்லியனுப்பினாராம். யாங்கி என்பது தெற்கத்தியர் வடக்கத்தியரைக் குறிப்பிடும் பெயர். குழந்தைகளும் முதியவர்களுமாக ஒரு கூட்டமே மூட்டை முடிச்சுகளோடு ஆற்றங்கரை மேட்டில் கிடந்தது.

பட்லர் எரிச்சலானார். இத்தனை பேருக்கு ரேஷன் எங்கே? உறுதிமொழி எடுத்த முதலாளிகளைப் பகைத்துக்கொள்வதா? வேலைக்குத் தேவையானவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பு என்று மே மாதத்திலேயே உத்தரவிட்டிருந்தார். மன்றோ கோட்டையில் கதவைத் திறந்த அதே மனிதர்! அவரை இரட்டை வேடக்காரர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முறையும் இரண்டாம் முறையும் அவர் பார்த்தது எஜமானின் நிலையை மட்டுமே. வாசலில் நின்ற ஆளை ஃபெல்ப்ஸ் பார்த்தார், அதுதான் வித்தியாசம்.

ஃபெல்ப்ஸ் அடங்கவில்லை. முகாமில் இருந்த 300-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்களை ஐந்து கம்பெனிகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்து, ஜூலை கடைசியில் துப்பாக்கிகள் கேட்டு எழுதினார். அவர்களை மரம் வெட்ட அனுப்புங்கள் என்று பதில் வந்தது. வெறும் கங்காணி வேலை பார்க்க நான் வரவில்லை என்ற பொருளில் எழுதிவிட்டு ஃபெல்ப்ஸ் பதவி விலகினார்.

மறுபடி சுருக்கம்: 1862 கோடையில் நியூ ஆர்லியன்ஸ் முகாமுக்கு வந்த ஒருவரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எஜமான் கலகக்காரராக இருந்தால் அவர் விடுதலை பெற்றவர். விசுவாசியாக இருந்தால் திருப்பித் தரப்படாதவர், ஆனால் விடுதலையும் பெறாதவர். வாசலிலேயே தடுத்து அனுப்பினால் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. எந்தத் தளபதியின் முகாம் வாசலுக்கு வந்தோம் என்பதில் ஒருவருடைய வாழ்க்கையே தங்கியிருந்தது.

கொடுத்தது யார், வாங்கியது யார்?

அடிமைகள் அடைக்கலம் கேட்டார்கள், சிப்பாய்கள் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். சதுப்பும் கால்வாயும் நிறைந்த அந்த நிலத்தில் எந்தப் பாதை எங்கே போகிறது, எந்த வீட்டில் ஆயுதம் புதைத்திருக்கிறார்கள், தெற்குப் படை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதெல்லாம் உள்ளூர் அடிமைகளுக்குத்தான் தெரியும். சொன்னார்கள். முகாமின் சமையலும் துவைப்பும், கோட்டை மேடுகளின் மண்வேலையும் அவர்கள் கையில்தான் நடந்தன. காய்ச்சலில் சுருண்டு கிடந்த வடக்கத்திப் பையன்களுக்குக் கஞ்சி கொடுத்தவர்களும் அவர்களே.

சிப்பாய்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தப்பி வந்தவரைக் கூடாரத்தில் ஒளித்து வைத்து எஜமானை விரட்டியவர்கள் உண்டு. அதே முகாமில் வந்தவர்களை அடித்தவர்கள், கூலி கொடுக்காமல் ஏய்த்தவர்கள், பெண்களிடம் அத்துமீறியவர்கள் இருந்தார்கள். இனவெறி வடக்கிலும் தாராளமாகவே விளைந்தது. அகதி முகாம்களில் அம்மை, வயிற்றுப்போக்கு, பசி என்று ஏராளமானோர் செத்துப்போனார்கள்.

நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்பவம் சொல்வார்கள். அடிமை ஒருவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல லூசியானா சட்டம் இடம் தரவில்லை. பட்லர் நிறுவிய ராணுவ நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் இதைச் சொல்லி ஆட்சேபித்தாராம். லூசியானா அமெரிக்காவை விட்டுப் போய்விட்டதா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றார் வழக்கறிஞர். போகும்போது தன் சட்டங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது, சாட்சியைக் கூப்பிடுங்கள் என்றார் நீதிபதி.

துப்பாக்கி கைக்கு வந்தது

ஃபெல்ப்ஸ் கேட்டபோது மறுத்த பட்லர், ஆகஸ்ட் மாதம் ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரித்ததும் தானே கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க அழைப்பு விடுத்தார். சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு மட்டும் என்பது பேச்சு. சேர வந்தவர் நேற்றுவரை யாருடைய தோட்டத்தில் இருந்தார் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. செப்டம்பர் 27 அன்று லூசியானா நேட்டிவ் கார்ட்ஸ் முதல் ரெஜிமென்ட் முறைப்படி அமைந்தது.

அதில் கேப்டனாக இருந்த ஆந்த்ரே கயூ அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்றுச் சுருட்டுத் தொழில் செய்தவர். 1863 மே 27 அன்று போர்ட் ஹட்சன் கோட்டைமீது நடந்த தாக்குதலில் தன் ஆட்களை முன்னின்று நடத்திச் செத்தார். ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அவருடைய இறுதி ஊர்வலத்துக்குக் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். போர் முடிவதற்குள் நாடு முழுவதும் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்திருந்தார்கள். 1864 நடுப்பகுதிவரை அவர்களுடைய சம்பளம் மாதம் 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர்.

அப்புறம் ஏன் விலக்கு?

லிங்கனின் பிரகடனத்துக்கு வருவோம். அமைதிக் காலத்தில் ஒரு மாநிலத்தின் அடிமைமுறையை ரத்து செய்ய ஜனாதிபதிக்கு அரசியல் சட்டத்தில் அதிகாரம் இல்லை. லிங்கன் பயன்படுத்தியது படைத் தலைவர் என்ற முறையில் தனக்கிருந்த போர்க்கால அதிகாரம். எதிரியின் பலத்தைப் பறிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. ஆகவே எதிரியின் கையில் உள்ள பகுதிக்கே அது செல்லும். நியூ ஆர்லியன்ஸோ 1862 டிசம்பரில் காங்கிரசுக்கு இரண்டு உறுப்பினர்களைக்கூடத் தேர்ந்தெடுத்திருந்தது. கலகத்தில் இல்லாத ஊர் என்று கணக்கு வைத்தபின் போர்க்கால அதிகாரம் அங்கே எடுபடாது. விசுவாசிகளாக மாறிய முதலாளிகளை இழக்க வேண்டாம் என்ற அரசியல் கணக்கும் கூடவே இருந்தது.

காகிதத்தில் விலக்கு இருந்தாலும் நகரத்தில் அடிமைமுறை உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது. சமையற்காரப் பெண் காலையில் வேலைக்கு வரவில்லை, வண்டிக்காரர் வாரத் தொகையைக் கட்டவில்லை. சாட்டையை எடுத்தால் முகாமுக்குப் போய்விடுவார்கள். பட்லருக்குப் பின் வந்த தளபதி நதானியேல் பேங்க்ஸ், தோட்ட வேலைக்கு ஆண்டு ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தார். சாட்டையடி கூடாது, கூலி உண்டு. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1864-இல் நிர்ணயித்த கூலி, ஆளின் தரத்தைப் பொறுத்து மாதம் 3 முதல் 8 டாலர்வரை. இதுவா விடுதலை என்று நகரின் கறுப்பினத் தலைவர்கள் அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

1864-இல் எழுதப்பட்ட லூசியானாவின் புதிய அரசியல் சட்டம், செப்டம்பரில் வாக்கெடுப்பில் நிறைவேறியபோதுதான் அந்த 13 பாரிஷ்களிலும் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. பிரகடனத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பின்னால். கடைசிவரை வடக்கோடு இருந்த கென்டக்கி, டெலவேர் மாநிலங்களின் அடிமைகளோ அதன்பிறகும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு 1865 டிசம்பர் 6 அன்று 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உறுதியாகும்வரை சட்டப்படி விடுதலை வரவில்லை. அப்போது லிங்கன் சுடப்பட்டு இறந்து ஏழு மாதம் கடந்திருந்தது.